கயிற்றின் மறுமுனை

சென்ற வருடம், என் முப்பத்து நான்காவது வயதில், பெங்களூரில் ஒரு மனநல மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று அமர்வுகளும் நாலைந்து கேள்வித்தாள்களும் முடிந்திருந்தன. என் மனைவியிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசியிருந்தார். ஒன்று மட்டும் பாக்கி. "நீங்க சின்னப் பிள்ளையா எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்ச யார்கிட்டயாவது பேசணும்" என்றார். ஆட்டிசம் முப்பது வயதில் திடீரென்று வருவதில்லை. வளர்ந்த ஒருவருக்கு அது இருக்கிறதென்று சொல்ல, சிறுவயதிலேயே இருந்ததற்குச் சான்று வேண்டும். அந்த ஆவணக் காப்பகம் பெரும்பாலும் அம்மாதான்.

தூத்துக்குடிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பேச்சு எப்போது வந்தது, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா, சத்தம் கேட்டால் என்ன செய்வான் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பதில் சொன்னாள். அப்புறம் சொன்னாள்: "எல்லாம் எங்க அண்ணன் மாதிரிதான் சார். அதனால எங்களுக்கு ஒண்ணும் புதுசாத் தெரியல."

அறிக்கையில் அது ஒரே வரியாக வந்தது. தாய்மாமனிடமும் இதே இயல்புகள் இருந்ததாகத் தாயார் கூறுகிறார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வீட்டுக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அது மன்னார் வளைகுடாக் கரையின் கதையாகவும் இருந்தது.

*

பெரிய மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உப்பளத்தில் கணக்கு எழுதினார். ஆச்சி இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு உண்டு, அதில் வேறு யாரும் சாப்பிடக்கூடாது. சோறு ஒரு பக்கம், துவையல் ஒரு பக்கம், நடுவில் இடைவெளி. சொதியை ஊற்றினால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மில் சங்கு ஊதும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டில் போய் நிற்பார். விருந்தாளி வருகிறார் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் அன்று முழுக்க அறையைவிட்டு வெளியே வரமாட்டார்.

இன்னொன்று, கப்பல். 1974இல் புதிய துறைமுகம் திறந்ததிலிருந்து, வந்த கப்பல்களை எல்லாம் அவர் நோட்டில் எழுதி வந்தார். கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கொடி, என்ன சரக்கு, வந்த தேதி, போன தேதி. டாலி கிளார்க்காக இருந்த அப்பாவிடம் விசாரிப்பார். பேப்பரில் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்க் கரையிலிருந்து தானே பார்த்து வருவார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்டால் மட்டும் இரண்டு மணி நேரம் பேசுவார்.

தெருவில் அவருக்கு வேறு பெயர்கள் இருந்தன. கிறுக்கு. அரை லூசு. கொஞ்சம் மரியாதையானவர்கள் "அவர் ஒரு மாதிரி" என்பார்கள். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அவர் மாதிரி" என்றாள்.

அம்மா அடுக்களைச் சுவரில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டை மாட்டியிருந்தாள். தினமும் காலையில் அதில் எழுதுவாள். 'இன்று 4 மணிக்குச் சித்தி வருகிறாள். 6 மணிக்குப் போய்விடுவாள்.' 'நாளை குக்கர் இரண்டு தடவை வைப்பேன். காலை 8, மதியம் 12.' மாமா பல் தேய்த்துவிட்டு நேராக வந்து அதைப் படிப்பார். தலையை ஒரு தடவை ஆட்டுவார். அவ்வளவுதான், அன்றைய நாள் ஒழுங்காகப் போகும். இன்று இதற்கு 'விஷுவல் ஷெட்யூல்' என்று பெயர். சிறப்புப் பயிற்சி வகுப்புகளில் காசு வாங்கிக்கொண்டு பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிலேட்டு என் அக்காவினுடையது. அவள் நோட்டுக்கு மாறியதும் சும்மா கிடந்தது.

*

டாக்டரோடு பேசிய பிறகு ஊருக்குப் போனபோது மாமாவின் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மாமா 2011இல் இறந்துவிட்டார். நோட்டுகளில் பாதி கறையான் தின்றது போக மீதி பரணில் இருந்தன. எண்பதுகளில் எழுதிய ஒரு நோட்டில், ஒரு நாள்கூட விடாமல் போய்க்கொண்டிருந்த பதிவு திடீரென்று நின்றிருந்தது. இரண்டு பக்கம் வெறுமை. கோடுகூடப் போடவில்லை. பிறகு பத்தொன்பது நாள் தள்ளி, அதே கையெழுத்தில், எதுவும் நடக்காதது போல மறுபடி கப்பல்கள்.

அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்.

ஆச்சி உயிரோடு இருந்த காலம் அது. மாமாவுக்கு ஏதோ ஒரு கல்யாண வீட்டில் மைக்செட் சத்தத்தில் கட்டுமீறிப் போய்விட்டது. தலையைச் சுவரில் மோதியிருக்கிறார். உறவுக்காரர்கள் கூடிப் பேசி, கடற்கரையோரத்தில் ஓர் ஊரில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். எந்த ஊர், எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட இடங்களை எல்லா மதத்துக்காரர்களும் நடத்தினார்கள். எல்லா மதத்துக்காரர்களும் நம்பித்தான் போனார்கள். அங்கே அவரைக் காலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஆச்சி சம்மதித்துத்தான் விட்டுவிட்டு வந்தாள். கிரகணத்தன்று நிறைமாதமாக வெளியே போனதால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்று கடைசிவரை நம்பினாள். வேறெந்த வழியும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பத்தொன்பதாவது நாள் அப்பா பஸ் ஏறிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமனார் வீட்டு விஷயத்தில் தலையிடுகிற உரிமை புது மாப்பிள்ளைக்குக் கிடையாது. "எப்படிப்பா போனீங்க?" என்று கேட்டேன். அப்பா அதிகம் பேசமாட்டார். "மச்சான்தானல கயிறு பிடிக்கணும்" என்றார்.

*

முத்துக்குளித்துறையில் அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும். நானும் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் அது என்ன என்று தேடினேன்.

முத்துக்குளிப்பை இங்கே சலாபம் என்பார்கள். கொற்கையின் காலத்திலிருந்து இருக்கிற தொழில். தாமிரபரணியின் மண் சேர்ந்து கடல் விலக விலக, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், அங்கிருந்து பின்னால் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. போர்ச்சுக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று முத்தின்மேல் கை வைத்தவர்கள் மாறினார்கள். குளிக்கிற முறை மட்டும் பெரிதாக மாறவில்லை. விடியற்காலை கரைக்காற்றில் தோணிகள் கிளம்பும். கடலுக்கடியில் சிப்பி விளையும் இடத்துக்குப் பார் என்று பெயர். பாருக்கு மேலே நங்கூரம் போடுவார்கள். குளியாள் பதினைந்து இருபது கிலோ கல்லில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி அள்ளுகிற வலைப்பைக்கு ஒரு கயிறு. அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம். கையில் அகப்பட்டதை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கீழே போனவரால் பேச முடியாது என்பது. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது, பார்க்கவும் முடியாது. கயிறு ஒன்றுதான் இருவருக்கும் மொழி. அது எப்போது தளர்கிறது, எப்போது விறைக்கிறது, இந்த ஆள் வழக்கமாக எவ்வளவு நேரம் தாங்குவார், இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்பதையெல்லாம் கையாலேயே படிக்க வேண்டும். ஒரே அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தாது. அதனால்தான் கயிறு பிடிப்பவர் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்துப் பகை இருக்கலாம். மச்சான் விடமாட்டான், விட்டால் அறுபடுவது தன் சகோதரியின் தாலி. எங்கள் வீட்டில் உறவு தலைகீழ். அப்பா மனைவியின் அண்ணனுக்காகக் கயிறு பிடித்தார். ஆனால் மச்சான் என்பது இரண்டு பக்கமும் கூப்பிடுகிற சொல்தானே.

சலாபத்தில் இன்னொரு ஆளும் உண்டு. கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதற்காகக் கரையில் மந்திரம் ஓதுகிறவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கே எழுதி வைத்திருக்கிறார். கிடைத்த முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மீனைக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அறுநூறு வருடம் கழித்து ஆங்கிலேய அதிகாரிகளும் கடல்கட்டி இல்லாமல் சலாபம் நடத்த முடியாது என்று கண்டார்கள். அவர்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ஆட்கள் இறங்க மாட்டார்கள்.

நான் சாஃப்ட்வேர்காரன். மந்திரம் சுறாவைக் கட்டுமா என்பது என் கேள்வியில்லை. என்னை ஆச்சரியப்படுத்தியது அந்தக் கணக்குதான். கீழே இறங்குகிறவனின் பயத்துக்கு அதில் ஒரு பத்தி இருக்கிறது. "சுறாவெல்லாம் வராது, சும்மா இறங்கு" என்று வாதாடாமல், பயம் இருக்கிறது, அதற்கு இருபதில் ஒரு பங்கு செலவாகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குக்கர் சத்தத்துக்கு என்ன பயம் என்று என்னிடம் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். சத்தத்தில் ஆபத்து இல்லை என்று எனக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியாது. என் அம்மா குக்கர் வைக்கிற நேரத்தைச் சிலேட்டில் எழுதியது, அந்த இருபதில் ஒரு பங்கு மாதிரிதான்.

இதை வைத்து அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. முத்து ராஜாவுக்கும் கம்பெனிக்கும் போனது. குளியாட்களுக்குக் காது செவிடானதும் கடனும்தான் மிச்சம். மாமாவைப் போன்றவர்கள் அந்தத் தோணிகளில் இருந்தார்களா என்று எந்த ஆவணமும் சொல்லாது. இறந்தவர்களுக்கு நான் சான்றிதழ் எழுதவும் முடியாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பேச முடியாத இடத்தில் இருக்கிற ஒருவரோடு எப்படித் தொடர்பில் இருப்பது என்ற கேள்விக்கு இந்தக் கரையில் ஒரு விடை இருந்திருக்கிறது.

*

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதற்குப் பிறகு இல்லை. அதே வருடங்களில் உலகின் இன்னொரு மூலையில் மாமாவைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் உருவாகிக்கொண்டிருந்தது.

வரலாறு பொதுவாக 1943இல் அமெரிக்காவில் லியோ கானரோடு தொடங்கும். பதினொரு குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை. அடுத்த வருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். ஆனால் இருவருக்கும் முன்பே, 1925இல், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி ஏறக்குறைய இதே சித்திரத்தை எழுதியிருந்தார். அவரைப் பல பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பெர்கர் குழந்தைகளைக் காப்பாற்றியவர் என்றே வெகுகாலம் சொல்லப்பட்டது. நாஜிகள் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற மருத்துவமனைக்கு அவரும் குழந்தைகளை அனுப்பியிருக்கிறார் என்பதை 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு காட்டினார். பெயர் வைக்கிற கை எப்போதும் காப்பாற்றுகிற கையாக இருப்பதில்லை.

பெயர் வந்ததும் பழி வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மேற்கத்திய மனநல மருத்துவம் இதற்குக் காரணம் தாய்தான் என்றது. பாசமில்லாத, குளிர்ந்துபோன தாயை 'குளிர்பெட்டித் தாய்' என்றே அழைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் இதை ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, தானே ஆட்டிசக் குழந்தையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது நரம்பு சார்ந்தது, தாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் எடுபட வருடங்கள் ஆயின. சிகாகோவில் பேராசிரியர் சொன்னதற்கும் எங்கள் தெருவில் ஆச்சியிடம் கிரகணத்தைச் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் அம்மாவைத்தான் கைகாட்டின.

இந்தியச் சட்டத்துக்குள் ஆட்டிசம் என்ற சொல் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழியாக வந்தது. 1995ஆம் வருட ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் அது இல்லை. 2016ஆம் வருடச் சட்டத்தின் இருபத்தொன்றில் இருக்கிறது, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. இன்னும் இல்லை. நியூரோடைவர்சிட்டி, நரம்பியல் பன்மை என்கிற சொல் 1998 வாக்கில் ஜூடி சிங்கர் என்கிற ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. மூளைகள் பலவிதம், ஒன்று சரி மற்றது பழுது என்று இல்லை என்பது அதன் சாரம். தமிழில் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்', லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' போன்ற புத்தகங்கள் வந்த பிறகுதான் நம் வீடுகளில் இதைப் பேசுவதற்கான சொற்கள் கிடைத்தன.

என் துறையில் இப்போது இது கொஞ்சம் ஃபேஷன். 2013இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை உலக அளவில் அறிவித்தது. அதன் முன்னோட்டம் நடந்த இடங்களில் ஒன்று பெங்களூரு. நல்ல விஷயம்தான். ஆனால் அதைத் தொட்டு ஆட்டிசம் என்றாலே ஜீனியஸ் என்று ஒரு கதை பரவிவிட்டது. மாமா ஜீனியஸ் இல்லை. அவருடைய நோட்டுகளால் எந்தக் கம்பெனிக்கும் பயனில்லை. பயனில்லாத மனிதருக்கும் சிலேட்டு வேண்டும் அல்லவா?

*

2001 ஆகஸ்ட் 5, பனிமய மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள். எனக்குப் பதினொரு வயது. தூத்துக்குடியில் பிறந்தால் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மாதா கோயில் திருவிழாவுக்குப் போவோம். கூட்டத்திலும் லவுட்ஸ்பீக்கரிலும் நான் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.

அந்த மறுநாள், ஆகஸ்ட் 6, விடியற்காலையில் ஏர்வாடியில் தீப்பிடித்தது. தூத்துக்குடியிலிருந்து வேம்பார், சாயல்குடி என்று இதே கரையோரமாகப் போனால் வருகிற ஊர். தர்காவைத் தேடி மனநோயாளிகளோடு குடும்பங்கள் வரும் இடம் என்பதால் அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. அவற்றில் ஒன்றில், கீற்றுக் கொட்டகையில், நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள்.

சாயங்காலம் டிவியில் செய்தி ஓடியபோது வீட்டில் எல்லாரும் இருந்தோம். அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார். மாமா அதற்குள் பார்த்துவிட்டிருந்தார். அவர் அழவில்லை, கத்தவில்லை. "சாவி யார்ட்ட இருந்துச்சு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அன்று ராத்திரி முழுக்க, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, அதே கேள்வி. எனக்கு அப்போது எதுவும் தெரியாது. செய்தியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பத்தொன்பது நாட்களைப் பற்றித் தெரிந்த பிறகுதான், அது அவர் அனுபவத்திலிருந்து வந்த கேள்வி என்று புரிந்தது.

அதன் பிறகு நடந்தது சட்ட வரலாறு. ஒரு வாரத்துக்குள் ஏர்வாடியில் இருந்த அந்த மாதிரிக் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னாளில் அதே ஊரில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிற திட்டம் தொடங்கியது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது.

மனநோயும் நரம்பியல் வேறுபாடும் ஒன்றல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் மாமாவைக் கூட்டிப் போனவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சங்கிலிக்கும் தெரியாது. கட்டுமீறினால் கட்டு, அவ்வளவுதான்.

ஒரே வளைகுடா. ஒரு பக்கம் கயிறு, ஒரு பக்கம் சங்கிலி. இரண்டுமே ஒரு மனிதரை இன்னொருவரோடு இணைக்கிற பொருள்தான். ஆனால் கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் நிற்கிறார், அவர் கை அதன் ஒவ்வொரு அசைவையும் உணர்கிறது. சங்கிலியின் மறுமுனையில் ஒரு தூண் நிற்கிறது. தீப்பிடித்தபோது இழுத்துப் பார்த்திருப்பார்கள். தூணுக்கு என்ன தெரியும்?

*

இங்கே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் கயிறு பிடிக்கிறவரைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

அவர்களைப் பற்றி வரலாற்றில் ஒரு வரிதான் கிடைக்கும். எங்கள் ஊரின் மிகப் பெரிய பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததும், அதைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இந்த வரி உண்டு. அதிர்ச்சியில் வந்த மனநோயை ஆட்டிசத்தோடு நான் சேர்க்கவில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அடுத்த வரியைத் தேடுகிறேன். கணவன் சிறையில். கம்பெனி முடங்கிவிட்டது. மீனாட்சி அம்மாள் மேல்முறையீட்டுக்காக அலைந்துகொண்டிருக்கிறார். அந்த வருடங்களில் தம்பிக்குச் சோறு போட்டது யார்? ராத்திரி எழுந்தால் கூட எழுந்தது யார்? கப்பல் ஓட்டியவரைப் பற்றி நூறு புத்தகம் இருக்கிறது. அந்த வீட்டை ஓட்டியது பற்றி இல்லை.

டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று தமிழில் சொல்லலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரியாது என்றுதான் அதுவரை சொல்லி வந்தார்கள். மில்டன் கேட்டது, மற்றவர்களுக்கு எங்கள் மனசு புரிகிறதா? தொடர்பு அறுவது ஒருவர் மூளையில் இல்லை, இருவருக்கும் நடுவில் என்றார். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பு என்னுடையது மட்டும் இல்லை. கயிறு இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனால் இந்த நிம்மதியில் ஒரு கள்ளத்தனமும் இருந்தது. என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் நான் டாக்டர் நம்பர் தேடுவேன், மாத்திரை நேரத்தை அலாரத்தில் வைப்பேன், பக்கத்தில் உட்கார மாட்டேன். உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றாது. அவள் அழுதால் எனக்குள்ளே என்னவோ நடக்கிறது, அது என்னவென்று எனக்கே ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாத இந்த நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். எழுபதுகளில் வைத்த பெயர். அந்தச் சொல் எனக்குத் தெரிந்த அன்று ஏதோ சாதித்த மாதிரி அவளிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, ஒத்துக்கறேன். நேத்து நான் அழுதப்ப நீ எங்க இருந்த?" என்றாள்.

இதைத்தான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், மாமாவின் நோட்டைப் பார்த்த அதே நாள். சிலேட்டு எவ்வளவு பெரிய விஷயம், இன்றைக்கு டாக்டர்கள் சொல்வதை நீ அன்றைக்கே செய்திருக்கிறாய் என்று பாராட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அண்ணனுக்கு நான் சிலேட்டுல எழுதி வச்சேன். உனக்கும் பாத்துப் பாத்துத்தான் எல்லாம் செஞ்சேன். உங்கப்பாவும் வாயத் தொறக்க மாட்டாரு. எனக்கு யாருல எழுதி வச்சா?"

அம்மா தன் கூடப்பிறந்த தங்கையின் வளைகாப்புக்குப் போகவில்லை. மாமாவைத் தனியே விட முடியாது என்பதால் முப்பது வருடத்தில் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இது ஒரு கணக்கு என்று தோன்றியதில்லை. சிப்பிக்குப் பங்கு உண்டு, ராஜாவுக்கு உண்டு, சுறாவைக் கட்டுகிறவருக்கு உண்டு. கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்த கைக்கு எவ்வளவு?

அப்பா அன்று பஸ் ஏறிப் போனது பெரிய காரியம். அது ஒரு நாள். அதன் பிறகு முப்பது வருடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, கயிற்றைப் பிடித்தது அம்மா. மச்சான்தான் பிடிக்கணும் என்று ஊர் சொல்கிறது. வீடுகளில் பெரும்பாலும் பிடித்தவர்கள் பெண்கள்.

அம்மா கேட்டதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. எப்போதும் போல எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. மறுநாள் காலையில் பரணில் தேடினேன். சிலேட்டு அகப்படவில்லை. தெரு முனைக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி அதே ஆணியில் மாட்டினேன். என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன். 'இன்று மதியச் சமையல் நான். 4 மணிக்கு அம்மா சித்தி வீட்டுக்குப் போகிறாள். நாளைதான் வருவாள். அப்பாவை நான் பார்த்துக்கொள்வேன்.'

அம்மா எழுந்து வந்து படித்தாள். தலையை ஒரு தடவை ஆட்டினாள். "குக்கர் நீயே வப்பியால?" என்று கேட்டாள்.

வைத்தேன். மூன்று விசில்.